ஆயிரத்து நானூறு ஜாதகமும் ஒரு கறுப்புப் பெட்டியும்

ஆனந்தவள்ளி கல்யாணத் தரகுக்கு வந்தது ஜெராக்ஸ் கடை வழியாக. தென்காசி பஜாரை ஒட்டிய ஒரு கடையில் ஒன்பது வருஷம் ஜெராக்ஸ் மிஷினுக்கு முன்னால் நின்றாள். பத்திரம், ரேஷன் கார்டு, மார்க் ஷீட் என்று என்னென்னவோ வரும். அதில் ஜாதகமும் வரும். பெண்ணைப் பெற்றவர்கள் பத்து நகல் எடுத்துக்கொண்டு போவார்கள். முந்தாநாள் எடுத்துப் போன பையனின் கட்டத்துக்கும் இன்றைக்கு வந்த பெண்ணின் கட்டத்துக்கும் ஒத்துப் போகிறதே என்று இவளுக்குத் தோன்றும். ஒரு நாள் வாய் நிற்காமல் சொல்லிவிட்டாள். அந்தச் சம்பந்தம் முடிந்தது. அடுத்த மாதம் இன்னொன்று முடிந்தது. அதன் பிறகு ஜெராக்ஸ் எடுக்க வருகிறவர்களே, "ஒரு நகல் நீங்க வச்சிக்கிடுங்க, தோதா ஏதும் வந்தா சொல்லுங்க" என்று விட்டுப் போக ஆரம்பித்தார்கள்.

இப்போது அவளுக்கு ஐம்பத்து நாலு வயது. கடை என்றைக்கோ மூடிப்போயிற்று. கீழப்பாவூர் தொடங்கி புளியறை வரைக்கும், வடக்கே திருவேங்கடம் வரைக்கும் அவளுக்குத் தெரியாத குடும்பம் குறைவு. வீட்டுக்காரர் சுடலைராஜ் ஆயுதப்படைப் போலீஸிலிருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் அவருக்கு டிவி, இவளுக்கு ஜாதகம். நகல்கள் முதலில் இரும்பு அலமாரியில் இருந்தன. பிறகு ஸ்கேன் ஆகி கம்ப்யூட்டருக்குப் போயின. போன் வந்ததும் எல்லாம் வாட்ஸ்அப் ஆயிற்று. பையன் வீட்டார் கேட்பார்கள், இவள் படத்தைத் தட்டிவிடுவாள். ஒரு நிமிஷ வேலை.

அந்த ஒரு நிமிஷ வேலைதான் மாசி மாதம் அவள் வீட்டு வாசலில் ஒரு மனிதரைக் கொண்டுவந்து நிறுத்தியது.

வந்தவர் உச்சிமாகாளி. திருவேங்கடம் பக்கம் மானாவாரியில் மக்காச்சோளம் போடுகிறவர். அவருடைய மகள் சங்கரேஸ்வரி மதுரையில் நர்ஸ். ஒரு வருஷத்துக்கு முன்னால் மகளின் ஜாதகத்தையும் இரண்டு போட்டோவையும் ஆனந்தவள்ளியிடம் கொடுத்திருந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"எம்மா, எம் பிள்ள போட்டோவ எவனோ வேற பேரு போட்டு, வேற ஊரு போட்டு ஒரு கல்யாண வெப்சைட்ல வச்சிருக்கான். அதப் பாத்து கோயமுத்தூர்க்காரன் ஒருத்தன் ஆறு மாசமா அந்தப் பேருகிட்ட பேசியிருக்கான். போன வாரம் எப்படியோ கண்டுபிடிச்சி ஆஸ்பத்திரிக்கே வந்து நிக்கான். 'என்ன ஏமாத்திட்டியே'ன்னு வார்டுல வச்சி, அத்தன பேருக்கு முன்னால சத்தம் போட்டிருக்கான். அவளுக்கு ஒண்ணும் தெரியாது. ரெண்டு நாளா சோறு திங்கல."

"அண்ணாச்சி, நான்..."

"நீங்க செஞ்சீகன்னு சொல்லல. ஆனா அந்த மஞ்சச் சேல போட்டோவ ஒங்களத் தவிர யாருக்கும் குடுக்கலம்மா."

அவர் கத்தியிருந்தால் இவளும் நாலு வார்த்தை பதில் பேசியிருப்பாள். அவர் கத்தவில்லை. செம்பில் கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

ஆனந்தவள்ளி போனை எடுத்துப் பின்னோக்கித் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். அந்தப் படத்தைப் பதினோரு வீட்டுக்கு அனுப்பியிருந்தாள். பதினோரு பேருக்கும் போன் போட்டாள். "எங்க மச்சானுக்கு அனுப்புனோம்", "பேமிலி குரூப்ல போட்டோம்", "எப்பமோ வந்தது, ஞாபகம் இல்லியே" என்றார்கள். எந்த வீட்டிலிருந்து அது கழன்று ஓடியது என்று கடைசிவரை தெரியவில்லை. சைபர் கிரைமில் புகார் கொடுத்து அந்தப் போலிக் கணக்கு மறைவதற்கு மூன்று வாரம் ஆயிற்று. சங்கரேஸ்வரி ஒரே ஒரு தடவை போனில் பேசினாள். "யக்கா, என் போட்டோவ எடுத்துருங்க. எனக்கு இப்பம் ஒண்ணும் பாக்க வேண்டாம்."

அன்றைக்கே முடிவு செய்தாள். இனி ஒரு பெண்ணின் படத்தையும் யாருக்கும் அனுப்புவதில்லை. பார்க்க வேண்டியவர்கள் என் கையில் வைத்துப் பார்க்கட்டும். பார்த்து முடிந்ததும் மூடிவிட்டு வந்துவிடுவேன்.

சொல்வது சுலபமாக இருந்தது. படங்களை டேப்லெட்டில் ஏற்றிக்கொண்டு போகலாம் என்றால், முந்தின வருஷம்தான் பஸ் ஸ்டாண்டில் அவளுடைய போன் களவு போனது. ஆயிரத்து நானூறு குடும்பத்தையும் கைப்பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் தொங்க அவளுக்குத் தைரியம் இல்லை. வேறு எங்கோ இருக்கும் கம்பெனிக் கம்ப்யூட்டரில் வைப்பதற்கும் மனம் ஒப்பவில்லை. சிசிடிவி கேமரா கடை வைத்திருக்கும் முகம்மது ரபீக்கிடம் போய்க் கேட்டாள்.

"இதுக்குன்னே பெட்டி இருக்குக்கா" என்றான் ரபீக். "நாஸ்னு சொல்லுவோம். உள்ள ரெண்டு டிஸ்க். ஒண்ணு போனாலும் இன்னொண்ணுல இருக்கும். வீட்டு நெட்ல மாட்டிட்டா, நீங்க எந்த ஊர்ல இருந்தாலும் டேப்லெட்ல தொறந்து பாத்துக்கிடலாம். படம் வீட்டவிட்டு வெளிய வராது."

வீட்டைவிட்டு வெளியே வராது என்ற வார்த்தைக்காகவே வாங்கினாள். சுடுசோற்றுப் பானை அளவுக்குக் கறுப்புப் பெட்டி. முன்னால் நாலு பச்சை விளக்கு. சாமி படத்துக்குக் கீழே இருந்த ஷெல்பில் வைத்தார்கள். எல்லா ஜாதகத்தையும், படத்தையும் ஏற்றி, பெண் தனி, பையன் தனி, முடிந்தது தனி என்று பிரித்து அடுக்குவதற்குப் பங்குனி முழுக்கப் போயிற்று.

வீட்டுக்குள் இருந்து பார்த்தால் பிரமாதமாகத் திறந்தது. தெருமுனைக்குப் போய் நின்று பார்த்தால் திறக்கவில்லை.

ரபீக் இரண்டு நாள் முட்டிப் பார்த்துவிட்டு, "ஒங்க நெட்டுக்காரன் ஒங்களுக்குன்னு தனி முகவரி தரலக்கா. தெருவுக்கே சேத்து ஒரே முகவரிதான். வெளிய இருந்து தட்டுனா எந்த வீட்டுக் கதவுன்னு அதுக்குத் தெரியாது. ஸ்டேட்டிக் ஐபின்னு கேளுங்க" என்றான்.

கேட்டாள். இன்டர்நெட் கொடுக்கும் கேபிள் ஆபீஸில் இசக்கிதுரை என்று ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவர் முதலில் கேட்டது, "வீட்ல சார் இருக்காங்களா? அவுகள வரச் சொல்லுங்களேன்."

"சாருக்கு டிவி ரிமோட்டே நான்தான் மாத்திக் குடுக்கேன். எங்கிட்டச் சொல்லுங்க."

"ஸ்பீடு கம்மியா இருக்கா?"

"ஸ்பீடு இல்ல. ஸ்டேட்டிக் ஐபி."

"அது கம்பெனிக்குத்தாம்மா குடுப்போம். வீட்டுக்கு எதுக்கு?"

எதற்கு என்று விளக்கினாள். அவர் தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, அடுத்த நாள் ஸ்பீடு கூட்டுகிற பிளானுக்கு ஆள் அனுப்பினார். இரண்டாவது தடவை போனபோது மேலே எழுதிப் போட வேண்டும் என்றார். மூன்றாவது தடவை, எழுதிப் போட்ட பையன் லீவு. நாலாவது தடவை பாரத்தில் கையெழுத்து கணவர் பெயரில் வேண்டும், கனெக்ஷன் அவர் பெயரில் இருக்கிறது என்றார்கள். சுடலைராஜ் பனியனோடு உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுக்கொண்டே, "இத்தன பாடு எதுக்குட்டி? முன்ன மாதிரி நோட்டுல ஒட்டி வச்சிக்கிட்டா என்ன?" என்று கேட்டார். அவள் பாரத்தை வாங்கிப் பைக்குள் வைத்தாள். பதில் சொன்னால் சண்டையில் முடியும்.

சித்திரை பாதியில் தனி முகவரி வந்தது. ரபீக் வந்து ரவுட்டரில் என்னவோ தட்டி, "ரெண்டு வாசல் தொறந்து விட்டிருக்கேன்க்கா. இப்பம் போய்ப் பாருங்க" என்றான். தெருமுனைக்குப் போனாள். திறந்தது. அப்படியே பஸ் ஏறி இலஞ்சி வரைக்கும் போய்ப் பார்த்தாள். அங்கேயும் திறந்தது. சின்னப் பிள்ளை மாதிரி பஸ் ஸ்டாப்பில் நின்று நாலு தடவை மூடித் திறந்து பார்த்தாள்.

ஆனால் சித்திரையில் சாயங்காலமானால் மேற்கே கறுத்து இடி இடிக்கும். இடிச் சத்தம் கேட்ட மாத்திரத்தில் வீட்டிலுள்ள பிளக் அத்தனையையும் பிடுங்குவது சுடலைராஜுக்கு முப்பது வருஷப் பழக்கம். டிவி, பிரிட்ஜ், மோட்டார், அதோடு ரவுட்டரும் பெட்டியும். ஆனந்தவள்ளி செங்கோட்டையில் ஒரு வீட்டில் காப்பி டம்ளரோடு உட்கார்ந்து, "இந்தா, இப்பத் தொறந்திரும்" என்று அரை மணி நேரம் சொல்லிவிட்டு, வெட்கத்தோடு எழுந்து வந்தாள்.

"எரிஞ்சி போச்சின்னா ஒனக்கு எவன் குடுப்பான்?" என்றார் வீட்டுக்காரர். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதனால்தான் இன்னும் ஆத்திரமாக வந்தது. கரண்டு போனாலும் ஓடுகிற, இடிக்குத் தாங்குகிற ஒரு யூபிஎஸ் வாங்கி மாட்டினாள். அதன்மேல் 'தொடாதீர்கள்' என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினாள்.

வைகாசி முதல் வாரத்தில் ஒரு காலை, பெட்டியின் பக்கத்தை டேப்லெட்டில் திறந்தபோது மூலையில் ஒரு சிவப்புக் குறி இருந்தது. தொட்டுப் பார்த்தாள். நீளமான பட்டியல் விரிந்தது. ஒவ்வொரு வரியிலும் ஒரு நேரம், ஒரு பெயர், கடைசியில் உள்ளே வர முயன்று தோற்றது என்று ஒரு குறிப்பு. அட்மின். அட்மின். ரூட். கெஸ்ட். டெஸ்ட். மறுபடி அட்மின். நிமிஷத்துக்கு ஒரு வரி. விரலால் தள்ளத் தள்ள முடியவே இல்லை. நாலு நாளில் ஆறாயிரத்துச் சொச்சம்.

யாரோ முகம் தெரியாதவன் வாசலில் நின்றுகொண்டு, ஒவ்வொரு சாவியாக விட்டுத் திருகிக்கொண்டே இருக்கிறான். உள்ளே அறுநூறு பெண் பிள்ளைகளின் படம் இருக்கிறது. ரபீக்குக்குப் போன் போட்டாள்.

"அது எல்லாருக்கும் வரும்க்கா. கம்ப்யூட்டர் தானாத் தட்டிக்கிட்டுத் திரியும். ஆள் இல்ல. பாஸ்வேர்டு தெரியாமே உள்ள வர முடியாதுல்லா?"

"பாஸ்வேர்டு என்ன வச்சிருக்க?"

"தென்காசி அட் ஒண்ணு ரெண்டு மூணுதான்... மாத்திருவோம்க்கா."

"ரபீக்கு, ஒனக்கு ரெண்டு பொம்பளப்பிள்ள இருக்குல்லா? அதுக படம் உள்ள இருந்தா இப்படி ஒரு பூட்டுப் போடுவியா?"

அவனுக்கும் சுருக்கென்றுதான் இருந்திருக்கும். "நமக்கு கேமராதாம்க்கா தெரியும். பக்கத்துத் தெருவுல ஹஃப்சான்னு ஒரு மதினி இருக்காங்க. பெங்களூர்க் கம்பெனிக்கு வீட்ல இருந்தே இந்த வேலதான் பாக்காங்க. அவுங்களக் கேளுங்க" என்றான். ஆனந்தவள்ளி போனை வைத்துவிட்டு, ரவுட்டரின் பிளக்கைத் தன் கையாலேயே பிடுங்கினாள்.

ஹஃப்சா கடையநல்லூரில் பிறந்தவள். தென்காசியில் வாக்கப்பட்டவள். முப்பத்தெட்டு வயது. மத்தியானம் இரண்டு மணிக்கு வேலையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது, காலையில் வருகிறேன் என்றாள். வந்தவள் பட்டியலைப் பார்த்தாள், முகத்தில் எதையும் காட்டவில்லை. முதல் வேலையாக ரபீக் திறந்துவிட்ட இரண்டு வாசலையும் அடைத்தாள்.

"உள்ள யாரும் வந்த மாதிரித் தெரியலக்கா. நல்ல நேரந்தான். ஆனா இனிமே இத நேராத் தெருவப் பாத்துத் தொறந்து வைக்கக் கூடாது."

"அப்பம் வெளிய இருந்து எப்படிப் பாக்குது?"

"சுரங்கம் மாதிரி ஒரு வழி போடுவோம். ஒங்க டேப்லெட்டுக்கு ஒரு சாவி, போனுக்கு ஒரு சாவி. அது டைப் பண்ணுத பாஸ்வேர்டு இல்ல, மிஷினுக்குள்ளயே இருக்கும். அந்தச் சாவி இல்லாம எவன் வந்து தட்டுனாலும் பெட்டி பதிலே சொல்லாது. இங்கன ஒரு வீடு இருக்குன்னே அவனுக்குத் தெரியாது. டேப்லெட் தொலஞ்சா அந்தச் சாவிய மட்டும் இங்கன இருந்து அழிச்சிரலாம்."

ஆனந்தவள்ளி நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டாள். ஹஃப்சா சொல்லச் சொல்ல எல்லாவற்றையும் தன் மொழியில் எழுதினாள். எங்கே தொட வேண்டும், எந்த எண்ணை எந்தக் கட்டத்தில் போட வேண்டும், முடிந்ததும் எது பச்சையாக வேண்டும். அட்மின் என்ற பெயரையே முடக்கினார்கள். புதுப் பெயர், நாலு வார்த்தை சேர்த்த பாஸ்வேர்டு, அதற்கு மேல் போனில் வருகிற ஆறு இலக்க எண். பெட்டிக்கான புது அப்டேட் ஏறுவதற்கு ஒரு மணி நேரம் பிடித்தது. மாதம் ஒரு தடவை எல்லாவற்றையும் தனி டிஸ்கில் நகலெடுத்து அலமாரியில் பூட்டி வைக்கச் சொன்னாள் ஹஃப்சா. இது ஒரு நாளில் முடியவில்லை. முதல் நாள் டேப்லெட் பழசு என்று அந்த ஆப் ஏறவில்லை. இரண்டாம் நாள் ஏறியது, இணைந்தது, ஆனால் எதுவும் தெரியவில்லை. மூன்றாம் நாள் பார்த்தால் ஒரு எண்ணில் ஒரு புள்ளி விட்டுப்போயிருந்தது.

"ஒரு புள்ளிக்கா ரெண்டு நாள் போச்சி?" என்று ஆனந்தவள்ளி தலையில் கை வைத்தாள்.

"எனக்கு ஆபீஸ்ல ஒரு புள்ளிக்கு ஒரு வாரம் போயிருக்குக்கா" என்றாள் ஹஃப்சா.

வேலை முடிந்து ஒரு வாரம் ஆனந்தவள்ளி பட்டியலைக் காலையும் மாலையும் பார்த்தாள். அவளுடைய பெயரைத் தவிர ஒரு வரி இல்லை.

ஆடி பிறந்து குற்றாலத்தில் சீசன் உச்சத்தில் இருந்தபோது முதல் பெரிய சம்பந்தம் வந்தது. பையன் வீட்டார் கீழப்பாவூர்க்காரர்கள், சென்னையில் குடியேறி இருபது வருஷம் ஆயிற்று. பையனின் அப்பா குற்றாலீஸ்வரன் ரயில்வேயில் அதிகாரி. குளிக்க வந்த இடத்தில் அப்படியே பெண்ணும் பார்த்துவிடலாம் என்று ஐந்தருவிச் சாலையில் வீடு எடுத்துத் தங்கியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு வரச் சொன்னார்கள்.

தென்காசியிலிருந்து குற்றாலத்துக்கு ஆறு கிலோமீட்டர் கூட இல்லை. அன்றைக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. வேனும் காருமாய் ரோடு அடைத்துக் கிடந்தது. சாரலில் முன்பக்கச் சேலை நனைந்து, டேப்லெட்டை மார்போடு அணைத்துக்கொண்டு கடைசி அரை மைலை நடந்தே போனாள். எதிரே எண்ணெய் தேய்த்த உடம்போடு ஆட்கள் கூட்டம் கூட்டமாய் வந்துகொண்டிருந்தார்கள்.

வீட்டில் குற்றாலீஸ்வரன், அவர் மனைவி, பையனின் அத்தை மூன்று பேரும் இருந்தார்கள். பையன் அருவிக்குப் போயிருந்தான். ஜாதகத்தைப் பேசி முடித்து, ஆனந்தவள்ளி டேப்லெட்டைத் திறந்தாள். சுரங்கம் இணைவதற்கான வட்டம் சுற்ற ஆரம்பித்தது. சுற்றிக்கொண்டே இருந்தது.

சீசன் ஞாயிற்றுக்கிழமை. அத்தனை ஜனமும் அருவிக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்து ஊருக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது. டவரில் இடம் எங்கே இருக்கும்? வாசலுக்கு வந்து பார்த்தாள். மாடிக்குப் போய்ப் பார்த்தாள். ஒரு கோடு வந்தது, போனது.

"வாட்ஸ்அப்ல அனுப்பிருங்களேன் ஆன்ட்டி" என்றாள் அத்தை. "அனுப்புனா நாங்க ரூம்ல வைஃபைல பாத்துக்கிடுவோம்."

"அனுப்புதது இல்லம்மா. இங்கன வச்சிப் பாத்தாத்தான்."

"இதென்ன புதுசா? எல்லா புரோக்கரும் அனுப்பத்தான் செய்றாங்க."

"எல்லாரும் அனுப்பித்தான் இந்தப் பாடு." அவள் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. தணித்துக்கொண்டு, அந்த வீட்டு வைஃபையைக் கேட்டாள். குற்றாலீஸ்வரன் பாஸ்வேர்டைத் தேடி எடுப்பதற்குப் பத்து நிமிஷம். அதில் போட்டதும் சுரங்கம் இணைந்தது. ஆய்க்குடிப் பெண், வங்கியில் வேலை. படம் மேலிருந்து கீழாக மெதுவாக விரிந்தது. டேப்லெட்டைப் பையனின் அம்மா கையில் கொடுத்தாள்.

அம்மா பார்த்தாள். முகம் மலர்ந்தது. கணவருக்குக் காட்டினாள். பிறகு அத்தையின் கைக்குப் போனது. அத்தை இடது கையில் டேப்லெட்டைப் பிடித்தாள், வலது கையால் தன் போனை எடுத்தாள், டேப்லெட்டைப் பார்த்து ஒரு போட்டோ எடுத்தாள். கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது.

மாசியிலிருந்து ஆடி வரைக்கும் பட்ட பாடு அத்தனையும் ஆனந்தவள்ளிக்கு ஞாபகம் வந்தது. கேபிள் ஆபீஸுக்கு நடந்த நாலு நடை. இடிக்குப் பிடுங்கின பிளக். ஆறாயிரம் வரி. ஒரு புள்ளி. இவ்வளவையும் தாண்டி ஒரு பொம்பளை கையை நீட்டி எடுத்துக்கொண்டாள்.

"அத அழிச்சிருங்கம்மா."

"அவனுக்குக் காட்டத்தான் எடுத்தேன்."

"அவுக வரட்டும், நான் காட்டுதேன். எத்தன மணி ஆனாலும் இருக்கேன். நீங்க அழிங்க."

"என்ன, எங்களத் திருடங்க மாதிரிப் பேசுறீங்க?"

"அழிச்ச பொறவு 'டெலீட்டட்'னு ஒரு எடம் இருக்கும். அதுலயும் போய் அழிக்கணும். எனக்குக் காட்டணும்."

அத்தை அண்ணனைப் பார்த்தாள். குற்றாலீஸ்வரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அழிச்சிரு" என்றார். அவள் அழித்தாள். ஆனந்தவள்ளி எட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டாள். அதோடு அந்தச் சம்பந்தமும் முடிந்தது என்று அவளுக்குத் தெரியும். காப்பியை யாரும் கொண்டுவரவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் ஏற இடமில்லை. பாதி வழி நடந்தாள். தெரிந்த ஷேர் ஆட்டோக்காரர் நிறுத்தி, "என்ன மதினி, குளிச்சாச்சா?" என்று கேட்டார். அவரைத் திட்டத் தோன்றியது.

மறுநாள் காலை ஹஃப்சாவிடம் போனாள். "பாக்குதவன் போட்டோ எடுக்காம இருக்கதுக்கு பெட்டியில வழி இருக்கா?"

ஹஃப்சா நேராகச் சொன்னாள். "இல்லக்கா. கண்ணுக்குத் தெரியுதத போனும் பாக்கும். அதுக்குப் பூட்டுக் கெடையாது."

பிறகு ஹஃப்சாவே ஒரு யோசனை சொன்னாள். எந்தக் குடும்பத்துக்குக் காட்டப்போகிறீர்களோ, அவர்கள் பெயரையும் தேதியையும் படத்தின் குறுக்கே எழுதிய நகல் ஒன்றைச் செய்துகொள்ளுங்கள். அதை மட்டும் காட்டுங்கள். எடுத்தாலும் அவர்கள் பெயரோடுதான் வெளியே போகும். யாரிடமிருந்து போனது என்று கேள்வி வராது. எடுக்கிற கையும் கூசும்.

அன்றிலிருந்து அப்படித்தான். ஒவ்வொரு படத்துக்கும் பதினைந்து நிமிஷம். முகத்தை மறைக்காமல், அழித்துவிட முடியாத இடத்தில் எழுத்து விழ வேண்டும். அதற்கு முன்னால் பெண் வீட்டாரிடம் போன் போட்டு, இன்னாருக்குக் காட்டலாமா என்று கேட்பாள். அவர்கள் சரி என்றால்தான் நகல். பையன் வீட்டார் பாதிப்பேருக்குத் தங்கள் பெயரை அங்கே பார்த்ததும் முகம் சுருங்கும். "நாங்க அப்படிப்பட்டவங்க இல்ல" என்பார்கள். ஆனந்தவள்ளி சிரித்து வைப்பாள். போன வருஷம் மாதம் நாலு சம்பந்தம் பேசினவள் இந்த வருஷம் ஒன்று, ஒன்றரை என்று நின்றாள். சுடலைராஜ் அதையும் சொல்லிக் காட்டினார். ஆனால் பெண்ணைப் பெற்றவர்கள் புதிதாக வர ஆரம்பித்திருந்தார்கள். வந்ததும் முதலில் அந்தப் பெட்டி எங்கே இருக்கிறது என்று கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்கள்.

ஐப்பசியில் ஒரு நாள் கீழப்பாவூரில் வேறொரு பையன் வீட்டில் உட்கார்ந்து திறந்தால், திறக்கவில்லை. டவர் நன்றாக இருந்தது. வீட்டுக்குப் போன் போட்டாள்.

"ஆமா, நெட்டுக்காரப் பையங்க வந்தாங்க. புது ரவுட்டர் மாட்டிட்டுப் போயிருக்காங்க. நல்லதுதான?" என்றார் சுடலைராஜ்.

அந்த வீட்டு அம்மா லீவு போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தாள். அவளிடம் நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்தாள். வீட்டுக்கு வந்து கால் கூடக் கழுவவில்லை. நோட்டை எடுத்துத் தரையில் விரித்து, ரவுட்டருக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். ஹஃப்சா வேலையில் இருக்கும் நேரம், கேட்க முடியாது. புது ரவுட்டரில் எல்லாம் வேறு வேறு இடத்தில் இருந்தது. நோட்டில் முதல் பக்கத்தில் இருந்தது இங்கே நாலாவது பக்கத்தில் ஒளிந்திருந்தது. இரண்டு தடவை தப்பாகப் போட்டு அழித்தாள். புள்ளிகளை விரல் வைத்து எண்ணினாள். "சோறு போடட்டா?" என்று வீட்டுக்காரர் கேட்டபோது, "பேசாதீங்க" என்றாள். நாற்பது நிமிஷம் கழித்து வீட்டு வைஃபையை அணைத்துவிட்டு, கொல்லைப்பக்கம் போய் மொபைல் டேட்டாவில் தட்டினாள். பச்சை வந்தது. கூப்பிட்டுச் சொல்வதற்கு அந்த நேரத்தில் யாரும் இல்லை. உள்ளே வந்து கையைக் கழுவிவிட்டுச் சாப்பிட்டாள்.

மறுநாள் கீழப்பாவூர். படம் உடனே திறந்தது. குறுக்கே அவர்கள் வீட்டுப் பெயர், தேதி. அந்த அம்மா இரண்டு கையாலும் டேப்லெட்டை வாங்கி, கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள். அரை நிமிஷம்தான்.

"பொண்ணு நெறம் கொஞ்சம் கம்மியோ?"

ஆனந்தவள்ளி டேப்லெட்டைத் திரும்ப வாங்கினாள். அந்தப் பெண் எம்.எஸ்ஸி. முடித்துவிட்டுச் சங்கரன்கோவிலில் பள்ளிக்கூட டீச்சராக இருக்கிறாள். அவளுடைய அம்மாவிடம் நேற்று போனில், நல்ல குடும்பம், பயப்படாமல் காட்டலாம் என்று இவள்தான் சொல்லியிருந்தாள்.

"இல்லம்மா, படத்துல அப்படித் தெரியுதான்னு கேட்டேன்" என்றாள் அந்த அம்மா, இவள் முகத்தைப் பார்த்துவிட்டு.

"படத்துல என்ன தெரியுதோ அதான் பிள்ள. நீங்க வேற எடம் பாத்துக்கிடுங்க. நான் வாரேன்."

சாயங்காலம் பெண்ணின் அம்மாவுக்குப் போன் போட்டாள். "நட்சத்திரம் ஒத்துவரல மதினி. விட்டிருங்க" என்று மட்டும் சொன்னாள். பிறகு பெட்டியைத் திறந்து, அந்த வீட்டார் பெயர் எழுதிய நகலை அழித்தாள். அடுத்து, வரன் தேடும் பையன்களின் பட்டியலில் அந்த வீட்டுப் பையனின் ஜாதகத்தைத் தேடி எடுத்தாள். அதையும் அழிக்கலாமா என்று விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தாள். சொன்னது அம்மாதான், பையன் ஒன்றும் சொல்லவில்லை என்று விட்டுவிட்டாள்.